அங்காடி ஏறும் விவரம்

கடைத்தெருவுக்குச் சென்று போர்வை வாங்குகின்ற ஒருவர் அதனைக் கண்ணால் காண்கிறார். விரலால் நெருடிப் பார்க்கிறார். நீளம் போதுமோ என்ற ஐயம் எழுந்தால் விரித்துக் காட்டச் சொல்கிறார். இணைய அங்காடியில் வாங்குவோர்க்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அவர் காண்பது பண்டத்தை அன்று. பண்டத்தைப் பற்றி விற்பவர் எழுதிக் கொடுத்த விவரத்தையே ஆகும். பெயர், விலை, அளவு, நிறம், படம், கையிருப்பு ஆகிய இவையே அங்குப் பண்டத்தின் இடத்தில் நிற்கின்றன. விவரம் ஏறாவிட்டால், கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் கடை காலியாகவே தோன்றும். விவரம் பிழைபட ஏறினால், நல்ல சரக்கும் திரும்பி வரும்; நல்ல பெயரும் கெடும்.

அவ்விவரத்தை அங்காடிக்கு அனுப்பும் வழிகள் பல. அவற்றுள் எந்த வழி யாருக்கு ஏற்றது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது வணிகர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று நீங்கள் கருதலாகாது. உங்களுள் சிலர் நாளை உங்கள் வீட்டுத் தொழிலை இணையத்தில் ஏற்றுவீர்கள். சிலர் இதனையே வேலையாகக் கொள்வீர்கள். வாங்குபவர்களாகவோ, எல்லோருமே இருப்பீர்கள்.

இத்தேவை எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். 1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமேசான் நிறுவனம் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியபோது, விற்றது அந்நிறுவனம் ஒன்றே. ஆகவே விவரங்களை எழுதும் பொறுப்பும் அதனுடையதாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அது தன் பண்டங்கள் நிற்கும் பக்கங்களிலேயே பிற வணிகர்களையும் விற்க அனுமதித்தது. 2002 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ‘ஃப்ரூகிள்’ என்னும் பொருள் தேடும் சேவையைத் தொடங்கியது. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான வணிகர்கள், தத்தம் சரக்கின் விவரத்தை ஒரே இடத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை இவ்வாறு உண்டாயிற்று. ஒருவர் ‘விலை ரூபாய் ஐந்நூறு’ என்பார், மற்றொருவர் ‘500.00’ என்பார், வேறொருவர் விலையை எழுதவே மறப்பார். இவற்றை மனிதர் படித்துத் திருத்துவது இயலாத செயல். ஆதலின் எல்லோரும் ஒரே ஒழுங்கில் எழுத வேண்டும் என்ற விதி பிறந்தது.

அவ்வொழுங்கு நம் பழைய கடைகளின் இருப்புப் பதிவேட்டை ஒத்தது. ஒரு பண்டத்துக்கு ஒரு வரிசை. ஒரு குணத்துக்கு ஒரு பத்தி. கூகுள் மெர்ச்சண்ட் சென்டரின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அடையாளக் குறி, தலைப்பு, விளக்கம், பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி, விலை, கையிருப்பு நிலை என்பன அடிப்படைப் பத்திகள். அடையாளக் குறி 50 குறியீடுகளுக்கும், தலைப்பு 150க்கும், விளக்கம் 5,000க்கும் மேற்படலாகாது. தமிழில் எழுதுவோர் ஈண்டு ஒன்றை நினைவில் வைத்தல் நலம். ‘கு’ என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோடு முறையிலோ அது ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆகவே நாம் எண்ணும் எழுத்தைவிடக் கணிப்பொறி எண்ணும் தொகை மிகுதியாகவே இருக்கும்.

மற்றொரு பத்தி பார்கோடுக் கோடுகளின்கீழ் நீங்கள் காணும் 13 இலக்க எண்ணுக்கு உரியது. உலகெங்கும் ஒரு பண்டத்துக்கு ஓர் எண் என்னும் ஏற்பாடு இது. கடைக் கருவி ஒன்று இத்தகைய கோடுகளை முதன்முதலில் படித்தது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில்; அன்று விற்றது ஒரு சூயிங்கம் பொட்டலம். இந்திய அமைப்பின் வழியே பெறப்படும் எண்கள் 890 என்று தொடங்கும்.

இவ்வெண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவலாள் போன்றது. 8901234567890 என்னும் கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு இலக்கங்களில் ஒற்றை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டினால் 34; அதனை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். இங்கு ஒன்றும் வேண்டுவதில்லை, ஆகவே 0. இவற்றுள் யாதேனும் ஓர் இலக்கத்தை ஒருவர் மாற்றி எழுதிவிட்டால் கணக்கு ஒவ்வாது. அங்காடி அவ்வரிசையை உடனே மறுத்துவிடும்.

இனி, விவரத்தை அனுப்பும் வழிகளைப் பார்ப்போம். அவற்றை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, கையால் ஒவ்வொன்றாகப் பதிதல். தளம் காட்டும் படிவத்தில் பண்டத்தின் பெயரையும் விலையையும் தட்டச்சு செய்து, படத்தைச் சேர்த்து, அனுப்பிவிடுவது. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்றே போதும்.

இரண்டாவது, விரிதாள் கோப்பு. எக்ஸெல் போன்ற செயலியில் எல்லாப் பண்டங்களையும் வரிசை வரிசையாக எழுதி, ஒரே முறையில் ஏற்றுவது. பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. கோப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது, குறித்த நேரத்தில் எடுத்துக்கொள்ளும் கோப்பு. வணிகர் தம் இணையதளத்தில் ஓரிடத்தில் கோப்பை வைத்துவிடுகிறார். அங்காடி நாள்தோறும் குறித்த வேளையில் வந்து, அதனைத் தானே எடுத்துச் செல்கிறது. காலையில் பால்காரர் வந்து வாசலில் உள்ள பாத்திரத்தை எடுப்பதைப் போன்றது இது. இத்தகைய கோப்புகள் பலவும் எக்ஸ்.எம்.எல். என்னும் அமைப்பில் எழுதப்படுகின்றன. அவ்வமைப்பு 1998 பிப்ரவரியில் நிலைபெற்றது. கடை நடத்துவதற்கான ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற மென்பொருள்களைக் கொண்டவர்களுக்கு இக்கோப்பை ஆக்கித்தரும் இணைப்புச் செயலிகளும் கிடைக்கின்றன.

நான்காவது, ஏ.பி.ஐ. எனப்படும் நேரடித் தொடர்பு. வணிகரின் கணிப்பொறி அங்காடியின் கணிப்பொறியோடு தானே பேசுகிறது. ஒரு சட்டை விற்ற மாத்திரத்தில், ‘இன்ன பண்டத்தில் இருப்பு ஒன்று குறைந்தது’ என்று அந்த ஒரு செய்தியை மட்டும் அனுப்பிவிடுகிறது. இதனை அமைக்க நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அமைத்த பிறகும் அவர் வேண்டும். ஏனெனில் அங்காடிகள் தம் விதிகளை அவ்வப்போது மாற்றுகின்றன.

ஐந்தாவது, வணிகர் எதையும் அனுப்பாமல், அங்காடியே அவருடைய இணையதளத்தைப் படித்துக்கொள்வது. பக்கத்தில் எது விலை, எது பெயர் என்று கணிப்பொறிக்கு விளங்கும்படி குறியிட்டு வைத்தால் இது கைகூடும். அக்குறிகளுக்குப் பொதுவான ஓர் அகராதியைக் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 2011 ஜூனில் வெளியிட்டன. அதற்கு ‘ஸ்கீமா’ என்று பெயர். ஆனால் இவ்வழியில், எப்போது வந்து படிப்பது என்பது அங்காடியின் விருப்பம். வணிகரின் விருப்பம் அன்று.

இவ்வைந்தில் உயர்ந்தது எது என்று கேட்பது, மாட்டு வண்டி, லாரி, ரயில் ஆகியவற்றுள் உயர்ந்தது எது என்று கேட்பதை ஒக்கும். எவ்வளவு சுமை, எவ்வளவு தொலைவு என்று தெரிந்த பின்னரே விடை கூற முடியும். என் கருத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் வழி தானே துலங்கும். பண்டங்கள் எத்தனை? விலையும் இருப்பும் எத்தனை முறை மாறுகின்றன? இவ்வேலையை நாள்தோறும் கவனிப்பவர் யார்? இம்மூன்றையும் மூன்று கடைகளில் வைத்துப் பார்ப்போம். கடைகள் கற்பனையே, கணக்கு மெய்.

முதற் கடை பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு குடும்பத்தினுடையது. அவர்களிடம் இருபது ஜமக்காளங்கள் உள்ளன. ஒன்று போல் மற்றொன்று இல்லை. ஒன்றைப் பதிவதற்குப் படம் பிடிப்பது உட்படக் கால் மணி நேரம் என்று கொண்டாலும், மொத்தம் ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ விற்றால், அவற்றின் இருப்பைக் கையாலேயே மாற்றிவிடலாம். இவர்களுக்கு முதல் வழியே போதும். பெரிய மென்பொருளுக்கு மாதந்தோறும் பணம் கட்டும்படி யாரேனும் வற்புறுத்தினால், பணிவுடன் மறுத்துவிடுவதே அறிவுடைமை. கைத்தறிப் பண்டத்துக்குப் பார்கோடு எண் இல்லையே என்று அவர்கள் கவலைப்படவும் வேண்டுவதில்லை. கூகுளின் படிவத்தில் ‘இப்பண்டத்துக்கு அத்தகைய எண் இல்லை’ என்று அறிவிப்பதற்கே ஒரு பத்தி உண்டு. வேறொரு பண்டத்தின் எண்ணைக் கடன் வாங்கி எழுதுவதுதான் கேடு.

இரண்டாம் கடை மதுரையில் உள்ள ஒரு புத்தக நிலையம். அங்கு மூவாயிரம் நூல்கள் உள்ளன. நூலுக்கு ஐந்து நிமிடம் என்று கொண்டாலும் 15,000 நிமிடங்கள். அதாவது 250 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் ஒரு மாதம் கழிந்துவிடும். இவருக்கு முதல் வழி ஆகாது. ஆனால் நூல்களுக்கு ஒரு நன்மை உண்டு. 2007ஆம் ஆண்டு முதல் நூல்களுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண் 13 இலக்கங்களாகி, பார்கோடு எண்ணோடு ஒன்றிவிட்டது. பெரிய அங்காடியில் அந்நூலின் பக்கம் முன்பே இருக்குமாயின், எண்ணையும் விலையையும் இருப்பையும் மட்டும் அனுப்பினால் போதும். விலையும் அடிக்கடி மாறுவதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை விரிதாள் ஏற்றுவதோ, நாள்தோறும் எடுத்துச் செல்லும் கோப்பு வைப்பதோ இவருக்குப் பொருந்தும். கூகுளில் பதிந்த பண்டத்தின் விவரம் 30 நாட்களுக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகிவிடும்; ஒருமுறை ஏற்றிவிட்டு உறங்கிப் போகலாகாது.

மூன்றாம் கடை திருப்பூரில் பின்னலாடை விற்பது. வடிவங்கள் நாற்பதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்து நிறம். ஒவ்வொரு நிறத்திலும் ஆறு அளவு. பெருக்கிப் பாருங்கள்: 1,200 வரிசைகள்! நாளில் பத்தில் ஒரு பங்கின் இருப்பு மாறினாலும் 120 மாற்றங்கள். மூன்று அங்காடிகளில் விற்றால் 360. காலையில் கடைசிச் சட்டை ஓர் அங்காடியில் விற்றுப் போகிறது. மற்ற இரண்டும் அடுத்த நாள் விடியற்காலையில்தான் கோப்பை எடுக்க வரும். இடைப்பட்ட நேரம் முழுவதும் இல்லாத சட்டை அங்கே விற்பனைக்கு நிற்கும். யாரேனும் பணம் கட்டுவார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்பார். இத்தகைய ரத்துகள் பெருகினால், அங்காடி அக்கடையின் கணக்கையே நிறுத்தி வைக்கும். அக்கணக்கை நம்பித் தையற்கூலி பெறும் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இக்கடைக்கு நான்காம் வழியே தக்கது. அதற்குரிய பொருள் வசதி இல்லையேல், ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று சட்டைகளைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் வழியால் காலம் தள்ளலாம்.

வழியைத் தேர்ந்தபின் அதன் இடர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். விரிதாளின் இடர் நுட்பமானது. எக்ஸெல், எண்ணைக் கண்டால் அதனைக் கணக்கிடுவதற்குரியது என்றே கருதும். 00417 என்று உங்கள் கடைக் குறியை எழுதினால், முன்னுள்ள இரு சுழிகளையும் நீக்கி 417 ஆக்கிவிடும். 13 இலக்கப் பார்கோடு எண்ணைச் சுருக்கி, பத்தின் பன்னிரண்டாம் அடுக்காகக் காட்டும். அந்நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், முன்னர்க் கூறிய எண் 8901230000000 ஆகிவிடும்; பின்னுள்ள இலக்கங்கள் மீளா. மூவாயிரம் வரிசைகளும் இவ்வாறே கெட்டுப் போகும். அப்பத்தியை முன்னரே ‘எழுத்து’ என்று வகைப்படுத்தி வைப்பதே இதற்கு மருந்து. தமிழில் விவரம் எழுதினால் கோப்பை யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க வேண்டும். இல்லையேல் தமிழ் எழுத்துக்களின் இடத்தில் வெறும் கேள்விக் குறிகள் வரிசையாக நிற்கும்.

குறித்த நேரத்துக் கோப்பின் இடர் வேறு. சில தளங்கள் புதிய கோப்பையே முழு உண்மை எனக் கொள்ளும். அதில் இல்லாத பண்டம் கடையில் இல்லை என்று பொருள். நள்ளிரவில் கணிப்பொறி பழுதுபட்டு, பாதிக் கோப்பே உருவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பொழுது விடியும்போது பாதிக் கடை மறைந்திருக்கும். வேறு சில தளங்களிலோ, கோப்பில் இல்லாததை அவை தொடுவதே இல்லை. விற்றுத் தீர்ந்த பண்டத்தை நீங்களே நீக்கச் சொன்னால்தான் நீங்கும். எந்தத் தளம் எவ்வகையினது என்பதை முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும். கோப்பின் வரிசைகள் நேற்றைவிடத் திடீரெனக் குறைந்தால் அனுப்பாதே என்று ஒரு தடையையும் அமைத்து வைக்கலாம்.

நேரடித் தொடர்பு விரைவானது. அதன் தவறும் அவ்வளவு விரைவாகவே பரவும். 2011 ஏப்ரலில் அமேசானில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஈயின் உடல் உருவாகும் விதம் பற்றிப் பீட்டர் லாரன்ஸ் என்னும் அறிஞர் எழுதிய உயிரியல் நூல் ஒன்று, இரண்டு கோடியே முப்பத்தாறு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலையில் விற்பனைக்கு நின்றது. காரணம் என்னை? இரண்டு வணிகர்கள் தம் விலையைத் தானியங்கி நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருவர் நிரல், மற்றவர் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையாகக் கொண்டது. மற்றவர் நிரலோ, இவர் விலையை 1.270589 ஆல் பெருக்கிற்று. இரண்டையும் பெருக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறத்தாழ 27 விழுக்காடு ஏறும் என்பது விளங்கும். பத்துச் சுற்றில் பத்து மடங்குக்கு மேல்! இதனை நாள்தோறும் கண்காணித்து வெளியிட்டவர் மைக்கேல் ஐசன் என்னும் உயிரியலார்.

அந்நிகழ்ச்சியில் யாரும் நட்டப்படவில்லை, நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் 2014 டிசம்பரில் பிரிட்டனில் நடந்தது நகைப்புக்கு உரியது அன்று. விலை மாற்றும் மென்பொருள் ஒன்றில் நேர்ந்த கோளாற்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரம், பல சிறு வணிகர்களின் பண்டங்கள் அமேசானில் ஒரு பென்னி விலைக்கு விற்றன. கிறிஸ்துமஸுக்காகச் சேர்த்து வைத்த சரக்கு அது. பண்டிகை வணிகத்தை நம்பிக் காத்திருந்த குடும்பக் கடைகள் சில, அந்த ஒரு மணி நேரத்தில் பெரும் இழப்புக்கு உள்ளாயின. இவ்விலைக்குக் கீழே போகாதே, இவ்விலைக்கு மேலே ஏறாதே என்று இரண்டு எல்லைகளை அங்காடியிலேயே விதித்து வைத்திருந்தால், இத்தகைய இழப்பைத் தடுக்க முடியும். எந்திரத்திடம் வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது.

பொறுப்பு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் 2018 ஜனவரி முதல், பொட்டலப் பண்டங்களின் அதிகபட்ச விலை, நிகர எடை முதலிய அறிவிப்புகளை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது விதி. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பண்டம் எந்நாட்டில் ஆனது என்பதை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. விளம்பரத்தில் கூறிய குணமும் பண்டத்தின் மெய்யான குணமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாது போனால், திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கலாகாது. ஆகவே விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று ஒரு பத்தியில் எழுதுவது எழுத்துப் பிழையாகாது, அது குற்றம். மெய்யான கைத்தறி நெய்பவரின் ஊதியத்தைப் பறிப்பதும் ஆகும்.

ஓர் அங்காடிக்கு ஒரு முறை என்று பல முறை எழுதும் தொல்லையைக் குறைக்க நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடைபெறுகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பு அது. விற்பவர் ஒரு செயலியில் விவரத்தைப் பதிந்தால், வாங்குவோர் வெவ்வேறு செயலிகளிலிருந்து அதனைக் காண முடியும். ஆனால் இவ்வேற்பாட்டிலும் முதற்பதிவு செம்மையாக இருந்தாலன்றிப் பயன் இல்லை. தவறான விவரமும் அதே எளிமையோடு பல இடங்களுக்குப் போய்ச் சேரும் அன்றோ?

எனவே, எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. தம்மிடம் ஒரு மூலப் பதிவேடு வைத்துக்கொள்ளுதல். ஒவ்வொரு பண்டத்துக்கும் என்றும் மாறாத ஓர் அடையாளக் குறி. அளந்து எழுதிய அளவு. எண்ணி எழுதிய இருப்பு. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். அங்காடிகளுக்கு அனுப்புவன எல்லாம் அதன் படிகளாகவே இருக்க வேண்டும். திருத்தம் நேர்ந்தால் மூலத்தில் திருத்திப் பின்னர் அனுப்ப வேண்டும். புதிய வழியில் இறங்கும்போது முதலில் பத்துப் பண்டங்களை மட்டும் அனுப்பி, அவை வாங்குவோர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்று பார்த்து, பிழை அறிக்கையைப் படித்து, பின்னர் மற்றவற்றை அனுப்புதல் முறை.

உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ கைத்தொழில் செய்வோர் இருப்பின், இந்த விடுமுறையில் அவர்களுக்கு இப்பதிவேட்டை எழுதிக் கொடுங்கள். முழக்கோலை எடுத்து நீளத்தை அளந்து, நூலின் வகையைக் கேட்டு, ஒரு பண்டத்துக்கு ஒரு வரிசையாக எழுதுங்கள். கணிப்பொறி இல்லாவிட்டாலும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் போதும். அவர்களுடைய கைவேலைக்கு நேர்மையான ஒரு விவரம் அமைந்துவிட்டால், அதனை எந்த அங்காடிக்கும் எந்த வழியிலும் ஏற்றலாம்.